தாத்தா வீட்டைக் காலி செய்யும் பேரப்பிள்ளைகளுக்கு

அன்புள்ள பேரப்பிள்ளைகளுக்கு,

உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. உங்கள் தாத்தாக்களின் சாமான்களை மட்டும் தெரியும். கோவையில் முப்பத்தெட்டு வருடம் டூல் ரூமில் லேத்திலும் கிரைண்டிங் மிஷினிலும் நின்று ஓய்வு பெற்றவன் நான். பித்தளை, செம்பு, ஈயம் என்று எடைக்கு வாங்கும் பழைய சாமான் கடைகளுக்கு வாரம் ஒருநாள் போய்வருவது என் வழக்கம். வீட்டை இடிக்கும்போதும், பாகம் பிரிக்கும்போதும், தாத்தா போய் வருடம் திரும்பியதும் எல்லோரும் ஊருக்கு வந்து சாமானை ஒழிக்கும்போதும், மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்குவதைப் பார்க்கிறேன்.

போன மாதம் அப்படி ஒரு மூட்டையைக் கடைக்காரர் தரையில் கொட்டினார். உடைந்த குத்துவிளக்குத் தண்டு, நசுங்கிய சொம்பு, குழாய்த் திருகு, பூட்டு, கதவுக் கைப்பிடி. அவற்றுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு பிடி, சின்னதாக ஒரு தகடு, லேசாக வளைந்த ஒரு மூடி. மூன்றையும் பொறுக்கி வேட்டி முனையில் துடைத்துப் பார்த்தேன். 'மேட் இன் இங்கிலாண்ட்' என்று எழுத்து தெரிந்தது. மூன்றையும் சேர்த்துத் திருகினேன். கடைசிச் சுற்றுவரை ஆட்டமில்லாமல் போய் உட்கார்ந்தது. மரை கொஞ்சமும் தேயவில்லை. ஜில்லெட் 'டெக்' ரேசர். "பேரன் வந்து மொத்தமாப் போட்டுட்டுப் போனாருங்க. கரூர்ப் பக்கம் வீடாம்" என்றார் கடைக்காரர். பித்தளை விலைக்குத்தான் எனக்கு நிறுத்துக் கொடுத்தார்.

அன்று ராத்திரியே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்த ரேசர் நினைவுப் பொருள் அல்ல. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கும் பழம்பொருளும் அல்ல. நாளைக் காலையில் நீங்கள் சவரம் செய்துகொள்ளக்கூடிய, உங்களுக்குப் பிறகும் ஒரு தலைமுறை உழைக்கக்கூடிய கருவி. அதற்கு வேண்டிய பிளேடு உங்கள் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது.

பிளேடு கிடைக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. தாத்தாவின் வால்வு ரேடியோவை எடுத்துப் பாருங்கள். வால்வுக்கு அலைய வேண்டும். அவருடைய கேமராவுக்கு ஃபிலிம் தேட வேண்டும். கைக்கடிகாரத்துக்கு உதிரிப் பாகம் இல்லை என்பார்கள். ஆனால் 1904இல் பாஸ்டனில் செய்த ஜில்லெட் ரேசர் ஒன்று இன்றைக்கு உங்கள் கைக்கு வந்தால், தெருமுனையில் ஒரு டோபாஸோ செவன் ஓ கிளாக்கோ வாங்கி அதில் மாட்டிச் சவரம் செய்துவிடலாம். அன்றைய ரேசரின் மூடியில் மூன்று முளைகள் இருந்தன. அன்றைய பிளேடில் அதற்கேற்ற மூன்று வட்டத் துளைகள். 1930க்குப் பிறகு பிளேடின் நடுவில் நீளமான திறப்பு வந்தது. மூன்று முளையுள்ள பழைய ரேசரும் ஏற்கும்படி, நடுவில் நீண்ட பட்டையுள்ள புதிய ரேசரும் ஏற்கும்படி அந்தத் திறப்பின் வடிவம் அமைந்துவிட்டது. அதன்பின் உலகத்தில் யார் இருபக்க பிளேடு செய்தாலும் அதே அளவில்தான் செய்கிறார்கள். நான் வாழ்நாளெல்லாம் அளவுகளோடு மல்லுக்கட்டியவன். நூறு வருடத்துக்கு மேல் குலையாமல் நிற்கும் இப்படியோர் அளவை வேறெந்த வீட்டுச் சாமானிலும் நான் பார்த்ததில்லை.

இதைக் கண்டுபிடித்தவரின் பெயர் கிங் கேம்ப் ஜில்லெட். 1855இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர். பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் வேலை. அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர், ஒருமுறை பயன்படுத்தியதும் எறிந்துவிட்டு மறுபடி வாங்க வேண்டிய பொருள் ஒன்றை யோசிக்கும்படி அவரிடம் சொன்னாராம். 1895இல் ஒருநாள் காலை, மழுங்கிப்போன சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஜில்லெட்டுக்கு அந்த யோசனை பிறந்தது. கத்திக்கு வேண்டியது விளிம்பு மட்டும்தான். விளிம்பைத் தாங்கத்தான் அவ்வளவு இரும்பு. விளிம்பைத் தனியாக ஒரு மெல்லிய தகட்டில் செய்து, தாங்கும் வேலையை வேறொன்றிடம் கொடுத்துவிட்டால்?

யோசனை எளிது, செய்வது எளிதில்லை. அவ்வளவு மெல்லிய எஃகைச் சூடேற்றிக் கடினமாக்கினால் நெளியும். நெளிந்ததைத் தீட்ட முடியாது. ஜில்லெட்டுக்கு உலோக வேலை தெரியாது. எம்.ஐ.டி.யில் படித்த வில்லியம் நிக்கர்சன் வந்துதான் கடினமாக்கும் முறையையும் தீட்டும் எந்திரங்களையும் உருவாக்கினார். ஜில்லெட்டின் பெயர் உலகமெல்லாம் போயிற்று. பிளேடு உறையில் அவர் முகமே அச்சாகி வந்தது. நிக்கர்சனை யாருக்கும் தெரியாது. பட்டறையில் நின்றவன் என்ற முறையில் எனக்கு இதில் எப்போதும் ஒரு மனத்தாங்கல் உண்டு.

1903இல் விற்பனை தொடங்கியது. அந்த வருடம் விற்றவை 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடமே ரேசர் விற்பனை 90,000ஐத் தாண்டியது. காப்புரிமை 1904 நவம்பர் 15இல் கிடைத்தது. ரேசரைச் சும்மா கொடுத்து பிளேடில் சம்பாதித்தார் ஜில்லெட் என்று வணிகம் படித்தவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. முதல் ரேசரின் விலை ஐந்து டாலர். அந்தக் காலத்தில் அது தொழிலாளி யோசித்து வாங்க வேண்டிய பணம். காப்புரிமை இருந்தவரை விலையை இறக்கவே இல்லை. 1921இல் அது முடியும் சமயத்தில்தான் பழைய மாதிரியை ஒரு டாலருக்குக் கொண்டுவந்தார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் தாத்தா வைத்திருந்தது பிளேடு விற்பதற்காகச் செய்த இலவச இணைப்பு அல்ல. நல்ல விலை வாங்கியதால் நல்ல பித்தளையில், நல்ல மரை வெட்டி, முறையாக நிக்கல் பூசிச் செய்தார்கள். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைக்கு 35 லட்சம் ரேசர் போயிற்று. ஊர் திரும்பிய சிப்பாய்கள் தாங்களே சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தோடு திரும்பினார்கள்.

நம் ஊரில் கதை வேறு. இங்கே சவரம் என்பது இன்னொருவர் கையால் நடப்பது. சவரத் தொழிலாளியான குடிமகன் வீடு வீடாக வருவார். திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ உட்கார்ந்து முகத்தைக் கொடுப்பார்கள். வருடத்துக்கு இத்தனை படி நெல் என்று களத்தில் கூலி. கத்தி தீட்டும் கை அவருடையது. அந்தக் கைக்கு ஊர் கொடுத்த மரியாதையோ மிகக் குறைவு. அந்தக் கத்திக்குப் பல வருடப் பழக்கம் வேண்டும். நம்மவர் அதைத் தானே எடுத்து முகத்தில் வைக்கத் துணியவில்லை. சேஃப்டி ரேசர் வந்தபிறகுதான் மில்லுக்கும் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள் தினமும் தாங்களே சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார்கள். உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகத் தன் முகத்தைத் தானே மழித்துக்கொண்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கும் ரேசரின் சொந்தக்காரராகத்தான் இருப்பார்.

இப்போது அதன் வேலைப்பாட்டைச் சொல்கிறேன். என் மனசு நிற்கிற இடம் இது. பிளேடை விரலில் எடுத்துப் பாருங்கள். பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம். காற்றில் வளையும். இப்படித் துவளும் தகடு தாடிமுடியை வெட்டாது. முடியில் பட்டதும் நடுங்கும். ரேசரின் மூடி லேசாக வளைந்திருக்கிறதல்லவா? பிடியைத் திருகத் திருக, மூடிக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே சிக்கிய பிளேடும் அந்த வளைவுக்குப் பணிந்து வளைகிறது. வளைந்ததும் விறைத்துக்கொள்கிறது. ஒரு தாளைத் தட்டையாக நீட்டினால் தொங்கிவிடும். ஓரங்களைச் சற்று வளைத்துப் பிடித்தால் நேராக நிற்கும். அதே சங்கதிதான். ஆக, விறைப்பு பிளேடில் இல்லை, ரேசரில் இருக்கிறது. மூடியின் வளைவும் அடித்தகட்டின் விளிம்பும் நூலிழை பிசகாமல் பொருந்தினால்தான் பிளேடு இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரியும். நல்ல பழைய ரேசரின் மதிப்பு முழுக்க அந்தப் பொருத்தத்தில்தான்.

சரி, பெட்டியில் கிடைத்தது என்ன என்று எப்படிப் பார்ப்பது? மூன்றாகக் கழன்று, விளிம்பில் பல் இல்லாமல் கெட்டியாக இருந்தால் 'டெக்' வகையாக இருக்கலாம். 1930களின் இறுதியில் வந்து பல பத்தாண்டுகள் செய்த மாதிரி அது. சீப்புப் பல் போல விளிம்பு இருந்தால் இன்னும் பழையது. ஒவ்வொரு பல்லையும் பாருங்கள், கீழே விழுந்திருந்தால் ஒன்றாவது வளைந்திருக்கும். பிடியின் அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவு விரிகிறதா? அது 1934இல் 'அரிஸ்டோகிராட்' என்ற பெயரோடு ஜில்லெட் கொண்டுவந்த வகை. அதே கதவு வகையில் 1947இல் 'சூப்பர் ஸ்பீட்' வந்தது. கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் இருந்தால், உங்கள் தாத்தாவோ அவருக்கு வேண்டியவரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்திருப்பார். வளையத்தைத் திருப்பினால் பிளேடுக்கும் தடுப்புக்கும் உள்ள இடைவெளி கூடும், குறையும். அதில் தடித்த கழுத்துள்ளது 1958 முதல் 1961 வரை மட்டும் செய்தது. அதற்கடுத்த மெலிந்த மாதிரி 1968 வரை வந்தது. அமெரிக்க ரேசராக இருந்தால் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து வருடம், எண் காலாண்டு. ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தோடு 2 இருந்தால் 1959, ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் செய்தது. பிறந்த காலாண்டு தெரிந்த கருவி நம் வீட்டில் வேறென்ன இருக்கிறது?

கழுவும் விஷயத்தில்தான் மிகவும் கெஞ்சிக் கேட்கிறேன். பித்தளை என்றதும் உங்கள் அம்மாவோ பாட்டியோ புளியை எடுப்பார்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை வேண்டாம், வினிகரில் ஊறவைக்க வேண்டாம், சாம்பலும் பாத்திரப் பொடியும் வேண்டாம். வெளியே தெரிவது பித்தளை அல்ல, அதன்மேல் பூசிய நிக்கல். சிலவற்றில் தங்க முலாம். அது மிக மெல்லியது. போனால் போனதுதான். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மெத்தென்ற பழைய பல் பிரஷ். அரைமணி ஊறட்டும், பிறகு பொறுமையாகத் தேயுங்கள். ஐம்பது வருடச் சோப்பு அழுக்கு வெள்ளையாகக் கரைந்து வரும். பிடி அலுமினியமாகவோ பேக்லைட்டாகவோ இருந்தால் கொதிக்கிற தண்ணீரும் சோடாவும் ஆகாது. காய்ந்தபின் மரையில் ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய்.

அமோனியா கலந்த துடைப்பான்களையும் தொடாதீர்கள். இதற்குப் பின்னால் நம் நாட்டோடு சேர்ந்த கதை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவிலிருந்த ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலம் வந்தால் தானாக வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள் அவை. பருவமழையில் நேர்ந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும், ஈரமும், உறையை அழுத்தி உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிப்போன இழுவிசையும் சேர்ந்ததுதான் காரணம் என்று 1921இல் வெளிவந்த ஆய்வு விளக்கியது. பழைய ரேசர்களில் குழாய்போல உள்ளீடற்ற பிடிகளில் நீளவாக்கில் கீறல் விழுந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இழுவிசையோடு செய்த மெல்லிய பித்தளைக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு. வாங்கும்போதும் எடுக்கும்போதும் பிடியின் கழுத்தை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள்.

புதுசு போல மின்ன வேண்டும் என்று முலாம் பூசக் கொடுக்க நினைப்பவர்களுக்கு என் அனுபவம். பத்து வருடத்துக்கு முன் ஒரு நல்ல அரிஸ்டோகிராட்டை ஒரு பட்டறையில் நிக்கல் பூசக் கொடுத்தேன். பூசுவதற்கு முன் பஃபிங் சக்கரத்தில் பிடித்து நன்றாகத் தேய்த்துவிட்டார்கள். பளபளவென்று வந்தது. ஆனால் எழுத்து அழிந்திருந்தது, மூடியின் விளிம்பு கரைந்திருந்தது. பிளேடு போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. அறுபது வருடம் தாங்கிய பொருத்தம் அஞ்சு நிமிஷத்தில் போய்விட்டது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். சவரம் செய்ய ஆகாது. மங்கலாக இருக்கிறதா, இருக்கட்டும். முகத்துக்கு மங்கல் தெரியாது.

கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக அடுக்கிவைக்கும் நண்பர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் காப்பாற்றியதால்தான் பல மாதிரிகள் இன்றைக்குப் பார்க்கக் கிடைக்கின்றன. ஆனாலும் வீட்டு ரேசரை விலை பேசி விற்றுவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஓர் அபூர்வ மாதிரிக்கு நல்ல பணம் வரலாம். உங்கள் தாத்தாவின் டெக் அபூர்வமானது அல்ல, லட்சக்கணக்கில் செய்தது. வெளியே அதற்குப் பெரிய விலை இல்லை. உங்கள் முகத்தில்தான் அதற்கு விலை.

சவரம் செய்யும் முறைக்கு வருகிறேன். நீங்கள் பழகியது பல பிளேடு வைத்த பிளாஸ்டிக் தலை. அதை முகத்தில் அழுத்தி இழுத்துப் பழகியிருப்பீர்கள். அந்தப் பழக்கத்தோடு இதைத் தொட்டால் ரத்தம் வரும். ஒரே நாளில் தாத்தா ரேசரை வெறுத்துவிடுவீர்கள். இதன் எடையே போதும். கையின் வேலை திசை காட்டுவது மட்டும். மூடியைக் கன்னத்தில் வைத்து, பிளேடு தோலைத் தொடும்வரை பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். ஏறக்குறைய முப்பது டிகிரியில் வெட்டத் தொடங்கும். சத்தத்தைக் கேளுங்கள், சரியான சாய்வில் சுரசுரவென்று ஒரு சன்னமான ஓசை வரும். ஓசை நின்றால் சாய்வு தப்பிவிட்டது. முடி படிந்திருக்கும் போக்கில் முதல் இழுப்பு. கழுத்தில் போக்கு மாறும், பல பேருக்குப் பக்கவாட்டில் படிந்திருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். சின்னச் சின்ன இழுப்பு, அங்குல அங்குலமாக. ஒரே மூச்சில் மழமழவென்று ஆக்கப் பார்க்காதீர்கள். மறுபடி நுரை போட்டு இரண்டாம் தடவை குறுக்காக இழுத்தால் போதும். எதிர்ப்போக்கு பழகின பிறகு.

குளித்த பின் சவரம் செய்வது நல்லது என்று வெளிநாட்டார் எழுதுவார்கள். நம் வீடுகளில் சவரம் முடித்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டி உள்ளே விடமாட்டார். அதனால் ஒரு துண்டைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து முகத்தில் இரண்டு நிமிடம் வையுங்கள். காய்ந்த முடியை வெட்டுவதைவிட ஊறிய முடியை வெட்டுவது பிளேடுக்கு எவ்வளவோ சுலபம். நுரை பிரஷ்ஷால் எழட்டும். முடிந்ததும் பச்சைத் தண்ணீர், படிகாரக் கல். எங்கே அழுத்தினீர்கள் என்பதைப் படிகாரம் எரிச்சலில் சொல்லிவிடும். எனக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கவில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு செய்தி. 2002இல் ஜில்லெட் கம்பெனி இந்தியாவுக்கென்று 'வெக்டர்' என்ற ரேசரைக் கொண்டுவந்தது. தடித்த முடி சிக்காமல் இருக்க அதில் ஓர் ஏற்பாடு. அதை அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படிக்கும் இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். இங்கே வந்து விற்றால் ஓடவில்லை. காரணம், அந்த மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது. இங்கே நம்மவர்கள் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் சவரம் செய்கிறார்கள், முடி அடைத்துக்கொண்டது. பிறகு நம் வீடுகளுக்கே வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு 2010இல் 15 ரூபாய்க்குப் புதிய ரேசர் ஒன்றைச் செய்தார்கள். ஆனால் கிண்ணத்துத் தண்ணீரில் அடைக்காத ரேசரை அதே கம்பெனி எழுபது வருடத்துக்கு முன்பே செய்துவிட்டது. உங்கள் தாத்தாவின் டெக்கை இரண்டு சுற்று தளர்த்திக் கிண்ணத்தில் ஆட்டுங்கள். இருக்கிற முடி, நுரை எல்லாம் போய்விடும்.

பிளேடு இன்னும் நம் ஊரில் மலிவாகக் கிடைப்பதற்குச் சலூன்காரர்களுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும். எய்ட்ஸ் பயம் பரவியபிறகு ஒவ்வொருவருக்கும் புது பிளேடு என்று வழக்கம் வந்தது. இருபக்க பிளேடை உறையோடு நடுவில் ஒடித்து, பாதியைக் கத்திப்பிடியில் மாட்டுகிறார்கள். அந்த வியாபாரம் இருக்கும்வரை உங்கள் ரேசருக்கும் சாப்பாடு இருக்கும். தீர்ந்த பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். நம் குப்பையை இன்னும் கையால்தான் பிரிக்கிறார்கள். மூடியுள்ள தகர டப்பா ஒன்றில் கீறல் போட்டு, அதில் தள்ளிவிடுங்கள், வருடக்கணக்கில் நிறையாது. நிறைந்தபின் மூடியை ஒட்டிப் பழைய இரும்புக்குக் கொடுங்கள். எஃகுதான், உருகிவிடும். பிளாஸ்டிக்கும் எஃகும் ரப்பரும் பின்னிப் பிணைந்த இன்றைய தலையை எளிதில் பிரித்தெடுக்க முடியாது. அது பெரும்பாலும் மண்ணுக்குத்தான் போகிறது.

என் அப்பாவும் டெக்தான் வைத்திருந்தார். ஸ்பின்னிங் மில்லில் வேலை. கிணற்றடியில் ஆணியடித்துச் சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கும், சொம்பில் வெந்நீர், துவைக்கிற கல்மேல் ரேசர், பிரஷ், சோப்புக் கிண்ணம். செவ்வாய், வெள்ளி, அமாவாசை தவிர்த்து வாரத்தில் நான்கு நாள். ஒரு பிளேடை நான்கு சவரத்துக்கு வைத்துக்கொள்வார். அதற்கப்புறம் அது அம்மாவின் தையல் பிரிக்கும் பிளேடு. அதற்கும் பிறகு எங்கள் பென்சிலுக்கு. அவர் போனது 1994இல். சாமானை ஒழித்தது நான்தான். இரண்டு பிளேடு வைத்த புது ரேசர் அப்போது என் கையில் இருந்தது. அப்பாவின் செட்டைப் பித்தளைச் சாமானோடு சேர்த்துப் போட்டேன். டூல் ரூமில் நாள் முழுக்க மைக்ரோமீட்டர் பிடித்த கை, அந்த மரையை ஒருதடவைகூடத் திருகிப் பார்க்கவில்லை. பழைய சாமான் கடைகளுக்கு நான் ஏன் போகிறேன் என்று என் மனைவி பல வருடமாகக் கேட்கிறாள். அங்கே அப்பாவுடையது கிடைக்கும் என்று நம்பிப் போகவில்லை. வேறு அப்பாக்களுடையது உருக்குவதற்குப் போகாமல் ஒன்றிரண்டாவது தடுக்கலாமே என்றுதான்.

அதனால் பேரப்பிள்ளைகளே, மூட்டை கட்டுமுன் ஒருதடவை பாருங்கள். குளியலறை மாடத்தின் மூலை, அலமாரியின் மேல்தட்டு, இரும்புப் பெட்டியில் பத்திரக் கட்டுக்கு அடியில், தையல் மிஷின் இழுப்பறை. மூன்று துண்டாகக் கிடக்கும். ஒன்றை எடுத்துவிட்டு இரண்டை விட்டுவிடாதீர்கள். பேத்திகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கால் மழிக்கவும் இதைப் பயன்படுத்தலாம். மேற்கில் பெண்களுக்கென்றே சின்னப் பிடியுள்ள ரேசரை ஜில்லெட் 1915லேயே விற்றது.

கரூர்ப் பக்கத்து வீட்டின் பேரனே, இதை நீங்கள் படிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தாத்தாவின் ரேசர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கழுவி, துடைத்து, மரைக்கு எண்ணெய் விட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றிவைத்திருக்கிறேன். நீங்கள் மூட்டை போட்ட அதே கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். வந்து கேட்டால் என் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். பித்தளைக் காசு எதுவும் தர வேண்டாம். அதில் நான் இன்னும் பிளேடு போடவில்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற டூல் ரூம் தொழிலாளி ஒருவர்
கோவை